இருபது நிமிடத்தில் மறுதொடக்கம்

“அந்தப் பிள்ள தும்முனாக்கூட சத்தம் வெளிய வராது” என்று கதவுக்கு அந்தப் பக்கம், காப்பி மெஷின் அருகே, யாரோ சொன்னார்கள். இன்னொரு குரல் சிரித்தது. காகிதக் கோப்பை குப்பைத்தொட்டியில் விழுந்தது, செருப்புகள் ஆவணப் பிரிவுப் பக்கம் நடந்து போயின. சர்வர் அறைக்குள் உட்கார்ந்திருந்த ஜெனோவாவுக்கு அது தன்னைப் பற்றித்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. அந்த மாடியில் பிள்ளை என்று சொல்லும் வயதில் வேறு யாரும் இல்லை. குரல் மெர்சி அக்காவுடையது. கெட்ட மனதோடு சொல்லியிருக்க மாட்டாள், போன வாரம்கூடத் தன் டப்பாவிலிருந்து சூரை மீன் துண்டை எடுத்து இவள் சோற்றின்மேல் வைத்தவள்தான். இருந்தாலும் அது நிஜம்தானா என்று யோசிக்கத் தோன்றியது. கடைசியாகத் தும்மியது எப்போது? இந்த அறையில் ஏசி எப்போதும் பதினெட்டில் ஓடுகிறது, மெஷின்களுக்காக, மனுஷிக்காக இல்லை. துப்பட்டாவை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு உட்காருவாள், தும்மல் வந்தால் மூக்கு நுனியை இரண்டு விரலால் அழுத்திக்கொள்வாள், அது உள்ளேயே எங்கோ போய் அடங்கிவிடும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். இதை மெர்சி அக்கா எப்போது பார்த்தாள்? நாம் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், நம்மை யாரும் பார்ப்பதில்லை என்றுதானே நினைத்திருந்தோம். இப்படி யோசித்தபடி அவள் விரல்கள் விசைப்பலகையில் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது. யார்டின் மறுகோடியில், எடைமேடை அறையின் சுவரில் தொங்கும் சுவிட்ச்சோடுதான் அவள் பேசிக்கொண்டிருந்தாள். சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, இருபத்து நான்கு ஓட்டைகள் உள்ள ஒரு தட்டையான பெட்டி. எடைமேடைக் கணினி, சீட்டு அடிக்கிற பிரிண்டர், கேட்டில் உள்ள தொலைபேசி, கேமராக்கள் எல்லாவற்றின் வயரும் அதில் போய்ச் சேர, அதிலிருந்து ஒரே ஒரு ஃபைபர் இழை யார்டைக் கடந்து இந்த மாடிக்கு வருகிறது. அந்த ஒரு இழைக்குள் எடைமேடைக்கு ஒரு பாதை, தொலைபேசிக்கு ஒரு பாதை, இவள் உள்ளே போய் வருவதற்கு ஒரு பாதை என்று எண் போட்டுப் பிரித்திருக்கும். வடக்கு மதிலில் புதிதாக மாட்டிய நான்கு கேமராக்களுக்கு அறுபதாம் எண் பாதையைத் திறக்க வேண்டும். ஒரு கட்டளை போதும். ஐந்து நிமிட வேலை.

தூத்துக்குடியில் கண்டெய்னர் யார்டுகளுக்குப் பஞ்சமில்லை, இது அவற்றில் நடுத்தரமான ஒன்று. ஒரு நாளைக்கு இருநூறு லாரி. கப்பலுக்குப் போகிற ஒவ்வொரு பெட்டியும் எடைமேடையில் ஏறி, சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சீட்டில்லாமல் துறைமுகத்துக் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே எடைமேடையின் சுவிட்ச்சில் கை வைக்கும்முன் ஜெனோவா ஒன்று செய்வாள், மார்ச் மாதத்திலிருந்து தவறாமல் செய்கிறாள். இருபது நிமிடத்தில் நீயாகவே அணைந்து மறுபடி எழுந்துகொள் என்று அதற்குச் சொல்லி வைப்பாள். வேலை சரியாக முடிந்தால் அந்த உத்தரவை ரத்து செய்துவிடலாம். ஏடாகூடமாக எதையாவது செய்து வழியே அடைபட்டுப்போனால், இருபது நிமிடம் கழித்து அது தானாக எழுந்து, கடைசியாகச் சேமித்து வைத்த பழைய நிலைக்கே திரும்பிவிடும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. இன்றும் பதினொன்று பதினொன்றுக்கு அதைத் தட்டினாள். சுவிட்ச் வழக்கம்போல் ஒரு கேள்வி கேட்டது, உறுதிதானா என்று. அதற்கு எண்டர் தட்ட வேண்டும். அப்போதுதான் தும்மல் விஷயம் கதவிடுக்கு வழியாக வந்தது. பிறகு அவள் சுவிட்ச்சின் அமைப்புக்குள் போனாள், ஃபைபர் இழை நுழைகிற ஓட்டையைத் தேர்ந்தெடுத்தாள், அறுபதை அனுமதி என்று தட்டினாள், எண்டர் கொடுத்தாள். வரி முனையில் இருந்த வெள்ளைக் கட்டம் துடிப்பதை நிறுத்தியது. எண்டர். இன்னொரு எண்டர். ஒன்றும் இல்லை. அறுபதுக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய ஆட் என்ற ஆங்கிலச் சொல்லைப் போடவில்லை என்பது அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்தச் சொல் இருந்தால், ஏற்கெனவே உள்ளவர்களோடு அறுபதையும் சேர்த்துக்கொள் என்று பொருள். இல்லாவிட்டால் அறுபதை மட்டும் வைத்துக்கொள், மற்ற எல்லாரையும் வெளியே தள்ளு. சுவிட்ச் சொன்னதைச் செய்தது. எடைமேடையைத் தள்ளியது, தொலைபேசியைத் தள்ளியது, சொன்னவளையும் தள்ளியது. அவள் என்ன செய்தாள் என்றால், யோசிக்காமல், திரையிலிருந்த அந்தக் கறுப்புச் சன்னலை மூடிவிட்டாள். படிப்பு நேரத்தில் வேறு ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்த நோட்டை டீச்சர் வருகிறார் என்றதும் மூடுவதுபோல, பட்டென்று. மூடின பிறகுதான் உறைத்தது, எண்டர் தட்டினோமா என்று பார்ப்பதற்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

தட்டினோமா? தட்டியிருப்போம். ஒவ்வொரு முறையும் தட்டுகிறோமே. ஆனால் ஒவ்வொரு முறையும் கதவுக்கு வெளியே நம்மைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கேள்விக்கு எண்டர் அல்லாமல் வேறு எந்த எழுத்தைத் தொட்டாலும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த கட்டளையின் முதல் எழுத்தை அது விழுங்கிவிட்டு, மீதியைப் புரியவில்லை என்று முகத்தில் திருப்பி எறியும். அப்போது மறுபடி தட்ட வேண்டியிருக்கும். மறுபடி தட்டிய ஞாபகம் இருக்கிறது. ஒரு வரியை இரண்டு முறை தட்டியது விரலில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது இன்றா, நேற்றா? நேற்று மூன்றாம் ஷெட்டில் வேலை செய்தபோதும் ஒரு வரி தவறியது. விரலுக்குத் தேதி தெரியாது. தட்டியிருந்தால் பதினொன்று முப்பத்தொன்றுக்கு அது தானாக அணைந்து எழும், எழ நான்கு நிமிடம், பதினொன்று முப்பத்தைந்துக்குச் சீட்டு அடிக்க ஆரம்பித்துவிடும், கரண்ட் ஏதோ விட்டு வந்தது என்று சொல்லிக்கொள்வார்கள். தட்டியிராவிட்டால் யாராவது போய்ச் சரிசெய்கிற வரைக்கும் அப்படியே கிடக்கும். கடிகாரத்தில் பதினொன்று பதினாறு. நீல நிற கன்சோல் வயர் இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மடிக்கணினியோடு யார்டைக் கடந்து போய்ச் சுவிட்ச்சின் முன்புறத்தில் செருகினால், எந்தப் பாதையும் தேவையில்லை, நேருக்கு நேர் பேசலாம், ஒரு நிமிட வேலை. போனால் எல்லாரும் பார்ப்பார்கள். என்ன ஆச்சு பிள்ள என்று கேட்பார்கள். உட்கார்ந்தே இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். இல்லை, கேட்பார்கள், ஆனால் இவளைக் கேட்கமாட்டார்கள், பேச்சிமுத்துவைத்தான் கேட்பார்கள். காலையில்தான் ரெக்ஸ் சார், இவளுக்கு மேலதிகாரி, வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு கோப்பைத் தூக்கிக் காட்டிச் சொன்னார், “பேச்சிமுத்து கேட் பாஸ் இன்னிக்கோட முடியுது. சாயங்காலம் பாத்துச் சொல்லுதேன்னு வச்சிருக்கேன். இன்னொரு தடவ அவன் ஜாயின்ட் போச்சுன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்.” இவள் தலையை ஆட்டினாள். ஆம் என்றும் இல்லை என்றும் அர்த்தம் கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு தலையாட்டல்.

பேச்சிமுத்துதான் அந்த ஃபைபர் இழையை ஒட்டுகிறவர். முடியைவிட மெல்லிய கண்ணாடி. இரண்டு நுனிகளையும் துடைத்து, சீவி, தன் சிறிய மெஷினுக்குள் வைத்து, ஒரு பொறியில் ஒன்றாக்கிவிடுவார். கண்ணாடித் துண்டு விரலில் குத்தினால் வெளியே எடுக்க முடியாது என்பதற்காக வெட்டின துணுக்குகளை ஒரு மாத்திரை டப்பியில் எண்ணிப் போடுவார், எண்ணிக்கை தப்பினால் தரையில் மண்டியிட்டுத் தேடுவார். மார்ச் பதினாறாம் தேதி ஒரு கிரேன் இழுத்துக்கொண்டு போன இழையை அவர்தான் ஒட்டினார். பதினேழாம் தேதி இவள் ஆட் என்ற சொல்லை முதல் முறையாக விட்டாள். அன்று எடைமேடை ஐம்பது நிமிடம் நின்றது, பதினொரு பெட்டிகள் கப்பலைத் தவறவிட்டன. இவள் வயரோடு ஓடிப்போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது, எடைமேடையில் சீட்டெழுதும் தங்கபாண்டி அண்ணாச்சி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஃபைபர்தானே பிள்ள?” என்றார். ஐந்து நிமிடத்துக்கு மேல் எடைமேடை நின்றால் நிறுத்தப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது யார்டில் வழக்கம். மணி, காரணம், கையெழுத்து. ஷிப்பிங் ஏஜெண்டுகள் வந்து அதைத்தான் கேட்பார்கள். அவள் “ம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பொய் என்று சொல்லக்கூடிய அளவுக்கு அதில் எழுத்தே இல்லை. அவர் எழுதினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பேச்சிமுத்து மொபெட்டில் வந்தார், ஒட்டின இடத்தைத் திறந்தார், ரெக்ஸ் சார் சொன்னபடி, நன்றாக இருந்த ஒட்டைத் தன் கையாலேயே வெட்டி மறுபடி ஒட்டினார். ரெக்ஸ் சார் போன பிறகு, ஒளியை அளக்கிற மீட்டரை இவள் பக்கம் நீட்டினார். அங்கே அதைப் படிக்கத் தெரிந்த ஆள் இவள் மட்டும்தான். “மேடம், வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்தது. மைனஸ் பதினாலு. நல்ல வெளிச்சம் மேடம் இது.” நல்ல வெளிச்சம்தான். அவள் மீட்டரைப் பார்த்தாள், பிறகு மொபெட்டின் பின்னால் கட்டியிருந்த மஞ்சள் சாக்கைப் பார்த்தாள். அவர் ஒரு நிமிடம் மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்துப் பைக்குள் வைத்தார்.

கைபேசி அதிர்ந்தது. தங்கபாண்டி அண்ணாச்சி. “பிள்ள, வெயிட் பிரிட்ஜ் மறுபடி நின்னு போச்சு. எடை காட்டுது, சீட்டு வரமாட்டேங்கு. ஒன்பது வண்டி நிக்கி, கேட்டுக்கு வெளிய வேற நாலு. ஒருத்தன் ஏறி வந்து என் நாற்காலியில உக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்கான்.” பின்னால் ஒரு குரல் சொன்னது, “நீரு எழுதிக் குடுத்தீர்னா எந்திரிக்கப் போறேன்.” அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பி, “எலே, கையால எழுதுனா துறைமுகத்துல ஒன்னையும் சேத்து எடை போடுவான், உக்காரு சும்மா” என்றார். பிறகு இவளிடம், “ரெக்ஸ் சாருக்கு அடிச்சேன். பேச்சிமுத்து வேலைதான், அந்தாளு வரட்டும்னுட்டாவ. அந்தாளுக்கும் சொல்லியாச்சு. ஃபைபர்தானே?” என்றார். அவள் வாயைத் திறந்தாள். கைபேசிக்குள் ஏசி ஓடுகிற சத்தம்தான் போனது போலிருக்கிறது. “சரி, சிக்னல் இல்ல போல” என்று அவர் வைத்துவிட்டார். பதினொன்று பத்தொன்பது. பேச்சிமுத்து முத்தையாபுரத்திலிருந்து வரவேண்டும், பத்து பதினைந்து நிமிடம் ஆகும். வந்து நல்ல ஒட்டை மறுபடி வெட்டுவார். அதற்குள் சுவிட்ச் தானாக எழுந்துவிட்டால்? அவர் வந்ததும் சரியாகிவிட்டது என்பார்கள், அப்போதும் அவர் ஒட்டுதான் கெட்டது என்று ஆகும். எண்டர் தட்டியிருந்தாலும் தட்டாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். இது இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை? மார்ச்சிலிருந்து எல்லாருக்குமாகத்தான் இந்த இருபது நிமிடத்தை வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது பேச்சிமுத்துவுக்கு இல்லை. யாரிடமும் போய் நிற்காமல் இருப்பதற்கு.

ஏழாம் வகுப்பில் புதிதாக வந்த கணக்கு டீச்சர் வருகைப் பதிவில் இவள் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். பக்கம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். கை தூக்கி, என் பெயர் வரவில்லை டீச்சர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அடுத்த நாளும் விட்டார். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் எப்படிச் சொல்வது, நேற்று ஏன் சொல்லவில்லை என்பாரே. நான்கு நாள் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே பள்ளிக்கு வராதவளாக இருந்தாள். ஐந்தாம் நாள் அம்மாவுக்கு ஆள் போனது. அம்மா வந்து, தினமும் நான்தானே டீச்சர் சோறு கட்டிக் கொடுக்கிறேன் என்றாள், இரண்டு பேரும் சேர்ந்து இவளைப் பார்த்தார்கள். அப்போதும் இவள் பேசவில்லை. கட்டளை வரியை அவளுக்குப் பிடித்ததுகூட இதனால்தான் இருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் மற்றவர்கள் படம் படமாகத் தெரிகிற திரையைக் கேட்டபோது இவள் இந்தக் கறுப்புச் சன்னலைத்தான் கேட்டு வாங்கினாள். அது முகத்தைப் பார்க்காது, அவசரப்படுத்தாது, தட்டி முடிக்கும் வரை காத்திருக்கும், சொன்னதைச் சொன்னபடி கேட்கும். சொல்லாததை அதுவாக ஊகித்துக்கொள்ளாது. மனிதர்கள்தான் “ம்” என்றால் மீதியைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். பதினொன்று இருபத்திரண்டு. இழுப்பறையைத் திறந்தாள். நீல வயர் சுருட்டி ரப்பர் போட்டிருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தாள், இழுப்பறையை மூடினாள், திறந்தாள், மூடினாள். போய்ச் சரிசெய்துவிட்டு வருவது ஒன்று, போய்ச் சொல்லுவது வேறு. முதலாவதை மட்டும் செய்யலாம். மார்ச்சில் அதைத்தான் செய்தோம். எழுந்தாள்.

வெளியே வெயில் கன்னத்தில் அறைந்தது, மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. சர்வர் அறையிலிருந்து வெளியே வந்தால் எப்போதும் இப்படித்தான், ஊரே ஒரு நிமிடம் வெள்ளையாகிவிடும். துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு நடந்தாள். மூன்றடுக்கு நான்கடுக்காகப் பெட்டிகள், இடையில் சந்துபோல வழி, காற்றில் உப்பும் டீசலும். பாதி வழியில் தரையோடு போகிற கறுப்புக் குழாயைத் தாண்ட வேண்டியிருந்தது. அதற்குள்தான் அந்த இழை. ஒரு கம்பத்தின் அடியில் பேச்சிமுத்துவின் பெட்டி, மழைத் தண்ணீர் போகாமலிருக்க மேலே பாதி வெட்டின எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தார், டின்னை யாரும் எடுத்துப் போகாமல் கம்பி கட்டியிருந்தார். யாரும் சொல்லாமல் அவராகச் செய்தது. அண்ணாச்சி, ஃபைபர் இல்லை. இல்லை, அப்படி ஆரம்பித்தால் பிறகு என்ன என்பார். என்னால்தான் அண்ணாச்சி. என்னால்தான் என்றால் என்ன செய்தாய் என்பார், ஆட் என்ற சொல்லை விட்டுவிட்டேன் என்றால் அவருக்கு என்ன புரியும். ஒரு சொல்லுக்கா ஒன்பது வண்டி என்பான் அந்த நாற்காலிக்காரன். சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. ரெக்ஸ் சார் சிரிக்கமாட்டார். மார்ச்சில் என்ன நடந்தது என்று கேட்பார். மார்ச்சை யாரும் கேட்கும்முன் சொல்வதா, கேட்டபின் சொல்வதா? வேலை போகுமா? போகலாம். வீட்டில் என்ன சொல்வது? லாரி டிரைவர்கள் சக்கரத்தின் நிழலில் குந்தியிருந்தார்கள். ஒருவர் வயரைப் பார்த்துவிட்டு, “வந்துட்டாங்கய்யா டாக்டரு” என்றார். அவள் எதிர்பாராமல் தும்மினாள். வெயிலுக்கு வந்தால் வருகிற தும்மல். இரண்டு கையிலும் சாமான், மூக்கைப் பிடிக்க விரல் இல்லை. சத்தம் பெட்டிகளில் பட்டுத் திரும்பியது.

எடைமேடை அறையில் நாற்காலிக்காரன் இன்னும் உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி நின்றுகொண்டு பீடிக் கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். “நீ எதுக்கு பிள்ள வெயில்ல வந்த? அந்தாளு வந்துகிட்டு இருக்காம்லா” என்றார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, வயரைச் செருகி, மடிக்கணினியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கறுப்புச் சன்னல் திறந்தது, வெள்ளைக் கட்டம் துடித்தது. ஏதாவது மறுதொடக்கம் வைத்திருக்கிறாயா என்று முதலில் கேட்டாள். இருக்கிறது, இன்னும் மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் என்றது. எண்டர் தட்டித்தான் இருந்திருக்கிறாள். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வயரைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கினால்கூடப் போதும். “என்ன சொல்லுது?” என்றார் அண்ணாச்சி. “வண்டிய எடுங்கன்னு சொல்லுது” என்றான் நாற்காலிக்காரன். அவள் மறுதொடக்கத்தை ரத்து செய்தாள். ஓட்டையைத் தேர்ந்தெடுத்தாள், தள்ளிவிட்ட எண்களை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே விட்டாள், ஒவ்வொன்றின் முன்னும் ஆட், பிறகு ஆட் அறுபது. சேமித்தாள். சுவரில் பச்சை விளக்குகள் ஓடத் தொடங்கின, பிரிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சேர்த்து வைத்திருந்த சீட்டைத் துப்பியது. நாற்காலிக்காரன் அதைக் கிழித்துக்கொண்டு எழுந்தான். “டாக்டரம்மா, நல்லா இருப்பீய” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அண்ணாச்சி நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்து, நிறுத்தப் பதிவேட்டைத் திறந்து, மணியை எழுதினார். பதினொன்று பதின்மூன்று முதல் பதினொன்று இருபத்தொன்பது வரை. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமலேயே, “ஃபைபர்தானே பிள்ள?” என்றார். வெளியே ஒரு மொபெட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, காரணம் என்ற கட்டத்தில், கட்டளையில் ஒரு சொல்லை நான் விட்டுவிட்டேன் என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டி, மார்ச் பதினேழாம் தேதியை எடுத்து, அங்கிருந்த வரியை அடித்துவிட்டு, அதே வாக்கியத்தை அதன் மேல் எழுதினாள்.